ஊக்கமும் ஆற்றலும்

ஒரு நாட்டின் காற்பந்து அணி பிற நாட்டு அணியிடம் தோற்றுவிடுமாயின், அந்நாட்டில் முதற்கண் எழும் குரல் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். "ஆட்டக்காரர்களுக்கு நாட்டுப்பற்று இல்லை, வெல்ல வேண்டும் என்னும் வேட்கை இல்லை, மனம் வைத்து ஆடினார்களில்லை" என்பதே அக்குரல். கடைத்தெருவிலும் இரயில் வண்டியிலும் இதுவே பேச்சாக இருக்கும். வேறு சிலரோ, "அவர்களிடம் ஊக்கத்திற்குக் குறைவில்லை; எதிரணிக்கு ஈடான ஆற்றல்தான் இல்லை" என்பர். இவ்விரண்டனுள் எது பொருந்தும்? இவ்வினா விளையாட்டை மட்டும் பற்றியதன்று. நோயின் முதலை அறியாத மருத்துவன் தரும் மருந்து நோயைத் தீர்க்காது. சில வேளைகளில் வேறொரு நோயையும் உண்டாக்கும். அதுபோலத் தோல்வியின் காரணத்தைப் பிறழ உணர்ந்தோர் செய்யும் மாற்றும் பிறழ்ந்தே போகும். குற்றமற்ற ஒருவர் மேல் பழி விழுதலும் கூடும். ஆதலின் இதனை ஆராய்ந்து காண்பது பயனுடையதாகும்.

ஊக்கம் என்பது மனத்தின் எழுச்சி. தளராமை, அஞ்சாமை, நாட்டின் பெயரைக் காக்க வேண்டும் என்னும் வேட்கை ஆகிய யாவும் அதனுள் அடங்கும். ஆற்றல் என்பதோ உடல் வலிமை மட்டுமன்று. விரைந்து வரும் பந்தைக் காலடியில் அடக்கும் திறன், தோழன் செல்லவிருக்கும் இடத்தை முன்னறிந்து பந்தை அனுப்பும் நுட்பம், எதிரியின் சூழ்ச்சியை ஆட்டத்தின் நடுவிலேயே உணரும் அறிவு, பதினொருவரும் ஒருவர் போல இயங்கும் ஒழுங்கு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஆற்றல். ஊக்கம் ஒரு நொடியில் கிளர்ந்தெழலாம். ஆற்றலோ ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக ஈட்டப்படுவது. திருவள்ளுவர் பொருட்பாலில் 'ஊக்கமுடைமை' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதனோடு நில்லாது, 'வலியறிதல்', 'காலமறிதல்', 'இடனறிதல்' எனத் தனித்தனி அதிகாரங்களும் வகுத்தார். ஊக்கம் ஒன்றே எல்லாவற்றையும் முடிக்க வல்லதாயின், இவை வேண்டப்பட்டிரா.

உலகக் கோப்பைக் காற்பந்துப் போட்டி 1950ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டில் நடைபெற்றது. அதன்பொருட்டு ரியோ டி ஜனீரோ நகரில் மரக்கானா என்னும் மாபெரும் அரங்கம் எழுப்பப்பட்டது. பிரேசில் அணி சுவீடனை 7-1 என்னும் கோல் கணக்கிலும், ஸ்பெயினை 6-1 என்னும் கணக்கிலும் வென்று, ஜூலை 16ஆம் நாள் உருகுவே அணியை எதிர்கொண்டது. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தாலும் கோப்பை பிரேசிலுக்கே உரியதாகும் என்பது அன்றைய நிலை. ஏறக்குறைய இரண்டு இலட்சம் மக்கள் அரங்கில் நிறைந்திருந்தனர். இரண்டாம் பாதியின் தொடக்கத்திலேயே பிரேசில் ஒரு கோல் போட்டது. பின்னர் உருகுவேயின் சியாபினோ ஒரு கோல் போட்டுக் கணக்கைச் சமன் செய்தார். ஆட்டம் முடியப் பதினொரு நிமிடங்களே எஞ்சியிருந்தபோது கிஜா என்பவர் மற்றொரு கோல் போட்டார். உருகுவே 2-1 என்னும் கணக்கில் வென்றது. அரங்கம் மயானம் போல் அமைதியுற்றது.

அன்று பிரேசில் ஆட்டக்காரர்களுக்கு ஊக்கம் இல்லாமற்போயிற்று எனக் கூற இயலுமா? சொந்த மண், சொந்த மக்கள், கைக்கெட்டும் தொலைவில் கோப்பை. ஊக்கம் எழுவதற்கு இவற்றினும் மிக்க காரணம் வேண்டுவதில்லை. நடந்தது வேறு. கிஜா வலப்பக்க ஓரத்தில் விரைந்தோடக் கூடியவர். முதல் முறை அவ்வழியே ஓடிவந்து, பந்தை நடுப்பகுதிக்கு அனுப்பினார். அதனைச் சியாபினோ கோலாக்கினார். மறுமுறையும் கிஜா அதே வழியில் வந்தார். முன்போலவே பந்தை நடுவிற்கு அனுப்புவார் என எண்ணிய கோல் காப்பாளர் பார்போசா சற்றே முன்னகர்ந்தார். கிஜாவோ, கம்பத்திற்கும் அவருக்கும் இடையே இருந்த சிறு வெளியில் பந்தை நேரே செலுத்திவிட்டார். ஒரே வாயிலில் இருமுறை பகைவர் நுழைந்தனர்; அவ்வாயிலை அடைக்கும் ஏற்பாடு அணியில் இல்லை. அது மனத்தின் குறையன்று. தற்காப்பு அமைப்பின் குறை.

ஆனால் மக்கள் அவ்வாறு ஆராய்ந்தாரில்லை. ஆட்டக்காரர்களுக்கு நெஞ்சுரம் இல்லை என்று பேசினர். பழி முழுவதும் பார்போசாவின் தலைமேலும், அவருடன் தற்காப்பில் நின்ற இருவர் மேலும் விழுந்தது. கரிய நிறத்தவராகிய அவர்களைப் பற்றி நிறத்தைச் சுட்டியும் இழிமொழிகள் எழுந்தன. பார்போசா அக்காலத்தில் சிறந்த கோல் காப்பாளருள் ஒருவர் எனப் போற்றப்பட்டவர். எனினும் 2000ஆம் ஆண்டில் இறக்கும்வரை அந்த ஒரு கோலுக்காகவே அவர் ஏசப்பட்டார். தம் நாட்டில் எத்தகைய குற்றத்திற்கும் முப்பதாண்டுச் சிறையே மிகப்பெரிய தண்டனை என்றும், தாமோ ஐம்பதாண்டுகளாகத் தண்டனை பெற்று வருவதாகவும் அவர் வருந்திக் கூறினார் என்பர். காரணத்தைப் பிறழ உணர்வதால் விளையும் கொடுமைக்கு இதனினும் சான்று வேண்டா.

பிரேசில் கோப்பையை வென்றது 1958ஆம் ஆண்டில், சுவீடன் நாட்டில். அவ்வாண்டு அணியுடன் மருத்துவரும் பல் மருத்துவரும் மனநூல் அறிஞரும் ஆயத்தப் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். பின்வரிசையில் நால்வரை நிறுத்தும் புதிய அமைப்பும் கையாளப்பட்டது. நாட்டுப்பற்று 1950இலும் இருந்தது, 1958இலும் இருந்தது. இடையில் மாறியது ஆயத்தமே.

இனி, இங்கிலாந்தின் வரலாற்றை நோக்குவோம். காற்பந்தாட்டத்திற்கு 1863ஆம் ஆண்டில் விதிகளை வகுத்துத் தந்த நாடு அது. பிரிட்டன், அயர்லாந்து ஆகிய தீவுகளுக்கு அப்பாலிருந்து வந்த எந்த நாட்டு அணியும் இங்கிலாந்தை அதன் மண்ணில் வென்றதில்லை என்னும் பெருமை நெடுங்காலம் நிலவியது. 1953ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், இலண்டன் நகரின் வெம்பிளி அரங்கில், நூறாயிரத்திற்கு மேற்பட்ட மக்கள் முன்னிலையில் அப்பெருமை அழிந்தது. ஹங்கேரி அணி 6-3 என்னும் கணக்கில் வென்றது.

அன்று நேர்ந்தது யாது? அக்காலத்து இங்கிலாந்தில், எதிரணியின் நடு முன்னாட்டக்காரரைத் தன் அணியின் நடுத் தற்காப்பாளர் விடாது தொடர்ந்து காக்க வேண்டும் என்பது முறை. நடு முன்னாட்டக்காரரின் சட்டையில் 9 என்னும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஹங்கேரியில் அவ்வெண்ணை அணிந்தவர் ஹிதெக்குட்டி. ஆனால் அவர் முன்வரிசையில் நிற்கவில்லை. பின்வாங்கி ஆடுகளத்தின் நடுப்பகுதியில் உலவினார். இங்கிலாந்தின் தற்காப்பாளர் திகைத்தார். ஹிதெக்குட்டியைத் தொடர்ந்து சென்றால், தாம் விட்டுச்சென்ற இடம் வெற்றிடமாகி, அதன் வழியே புஷ்காஸ் முதலியோர் நுழைந்தனர். தொடராது நின்றுவிட்டால், ஹிதெக்குட்டி தடுப்பாரின்றிப் பந்தை ஆண்டார். ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே கோல் போட்ட அவர், அன்று மூன்று கோல்கள் போட்டார். இங்கிலாந்து வீரர்கள் ஓடாமலில்லை. எங்கே ஓடுவது என்று அறியாமல் ஓடினர். ஹங்கேரியின் பயிற்சியாளர் செபஸோ, வெம்பிளி ஆடுகளத்தின் நீள அகலங்களுக்கு ஒத்த களத்தில், இங்கிலாந்தில் வழங்கும் பந்தைக் கொண்டே தம் அணியைப் பயிற்றுவித்து வந்திருந்தார்.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்து அணி ஹங்கேரியின் தலைநகராகிய புடாபெஸ்டிற்குச் சென்றது. முன்னைய இழிவைத் துடைக்க வேண்டும் என்னும் வேட்கை அவ்வணிக்கு இல்லாதிருந்திருக்க முடியாது. ஆனால் ஆட்டமுறை பழையதே. முடிவு 7-1, தோற்றது மீண்டும் இங்கிலாந்தே. வேட்கை வளர்ந்தபோதும் முறை வளராதபடியால், தோல்வி சுருங்கவில்லை, பெருகிற்று. வெம்பிளியில் அன்று தற்காப்பில் நின்று தோற்றவருள் ஆல்ப் ராம்சே என்பவரும் ஒருவர். அவர் பின்னாளில் இங்கிலாந்து அணியின் பயிற்சியாளராக அழைக்கப்பட்டார். அதுவரை ஆட்டக்காரர்களை ஒரு குழு தேர்ந்தெடுத்து வந்தது. அப்பொறுப்பைத் தமக்கே தர வேண்டும் எனக் கேட்டுப் பெற்ற ராம்சே, தம் ஆட்டக்காரர்களின் திறனுக்கேற்ற முறையை வகுத்து, 1966ஆம் ஆண்டில் அதே வெம்பிளி அரங்கில் உலகக் கோப்பையை வென்றளித்தார்.

ஊக்கம் குறையாமையால் மட்டும் வெற்றி வாராது என்பது இதனால் விளங்கும். அவ்வூக்கம் அளவு கடந்தால் கேடும் விளைக்கும் என்பதற்கு 2014ஆம் ஆண்டுப் போட்டி சான்றாகும். அதுவும் பிரேசிலிலேயே நடைபெற்றது. அவ்வணியினர் நாட்டுப் பண்ணைப் பாடும்போதே உணர்ச்சி மேலிட்டனர். இசை நின்ற பின்னரும் அரங்கிலிருந்த மக்கள் பாடலை நிறுத்தாது பாடினர். காலிறுதியில் நெய்மார் என்னும் சிறந்த ஆட்டக்காரர் முதுகெலும்பில் அடிபட்டு விலகினார். அணித்தலைவர் தியாகோ சில்வாவும் அடுத்த ஆட்டத்தில் ஆடும் தகுதியை இழந்தார். ஜூலை 8ஆம் நாள் பெலோ ஹொரிசோன்டே நகரில் ஜெர்மனியுடன் அரையிறுதி. நெய்மாரின் சட்டையை ஏந்தியவாறு பிரேசில் அணியினர் நாட்டுப் பண் பாடினர். ஆட்டம் தொடங்கியது. முதல் கோல் விழுந்ததும் அதனை உடனே ஈடு செய்யும் துடிப்பில் அவர்கள் தத்தம் இடங்களை விட்டு முன்னேறினர். பின்னே விட்ட வெற்றிடங்களில் ஜெர்மனியர் அமைதியாகப் பந்தை ஒருவருக்கொருவர் அனுப்பி, ஆறே நிமிடங்களில் நான்கு கோல்கள் போட்டனர். முடிவு 7-1. வெள்ளம் பெருகினால் வயல் விளையும். கரை கடந்தால் பயிரே அழியும். ஒழுங்கு என்னும் கரையை உடைத்த ஊக்கமும் அத்தகையதே.

அன்று வென்ற ஜெர்மனியின் ஆற்றல் எங்கிருந்து வந்தது? அதன் வேர் ஒரு பெருந்தோல்வியில் இருக்கின்றது. 2000ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் ஜெர்மனி மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு கோல் போட்டு, ஓர் ஆட்டத்திலும் வெல்லாது, தன் பிரிவில் கடைசி இடம் பெற்றுத் திரும்பியது. "நம் வீரர்களுக்கு மானம் இல்லை" என்று ஏசிவிட்டு அமைந்துவிட அந்நாட்டார்க்கு வாய்ப்பிருந்தது. அவர்களோ, நாட்டில் சிறுவர்கள் எவ்வாறு பயிற்றப்படுகின்றனர் என்பதை ஆராய்ந்தனர். முதலிரு நிலைகளில் ஆடும் கழகங்கள் யாவும் இளைஞர் பயிற்சிப் பள்ளிகளைக் கட்டாயமாக நடத்த வேண்டும் என விதித்தனர். 2002 முதல் நாடெங்கும் முந்நூற்றறுபதுக்கு மேற்பட்ட பயிற்சி மையங்களை நிறுவினர். சிற்றூர்களில் வாழும் சிறுவர்களும் தம் வீட்டிற்கு அருகிலேயே தேர்ந்த பயிற்சியாளரிடம் பயில அவை வழி செய்தன.

விதைத்தவுடன் விளைவு காணவேண்டும் என அவர்கள் எண்ணவில்லை. 2002ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் இறுதியாட்டம் வரை சென்ற போதிலும், திருத்தம் இனி வேண்டா எனக் கைவிடவுமில்லை. 2009இல் இருபத்தொரு வயதிற்குட்பட்டோருக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்ற இளைஞருள் நொயர், ஹும்மல்ஸ், கெதீரா, ஒசில் முதலியோர் 2014இல் முழு வளர்ச்சி பெற்று நின்றனர். அவ்வாண்டு ஜூலை 13ஆம் நாள் மரக்கானா அரங்கில் அர்ஜென்டினாவை 1-0 என்னும் கணக்கில் வென்று ஜெர்மனி கோப்பை பெற்றது. எனினும் ஈட்டிய ஆற்றல் என்றும் நிலைத்து நிற்பதன்று. 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் உலகக் கோப்பைகளில் அதே ஜெர்மனி முதற்சுற்றைத் தாண்டவில்லை. தீட்டாத வாள் மழுங்கும். பிறரோ இதற்கிடையில் தத்தம் வாளைத் தீட்டிக்கொள்வர்.

அவ்வாறாயின், மனத்தின் குறையால் ஓர் அணி தோற்பதே இல்லையோ என்னும் ஐயம் எழலாம். அதுவும் உண்டு. 2006இல் உலகக் கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்ற பிரான்சு, 2010இல் தென்னாப்பிரிக்காவில் ஓர் ஆட்டத்திலும் வெல்லாது திரும்பியது. பயிற்சியாளரை இழித்துப் பேசியதற்காக ஓர் ஆட்டக்காரர் விலக்கப்பட, ஏனையோர் பயிற்சி செய்ய மறுத்துப் பேருந்தினுள்ளேயே அமர்ந்துவிட்டனர். திறனுடையோர் அவ்வணியில் பலர் இருந்தனர், மனம் ஒன்றுபட்டிலர். ஆயினும் இத்தகைய நிகழ்ச்சி அரிது. இங்கும் குறைந்தது நாட்டுப்பற்று என்பதினும், ஒற்றுமையும் தலைமையின் மேலுள்ள மதிப்பும் என்பதே பொருந்தும்.

ஊக்கமும் ஆற்றலும் ஒன்று சேர்ந்தால் விளையும் பயனை அறிய நம் பாரத நாட்டின் வரலாறே துணை செய்யும். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் இந்திய அணி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்னும் கணக்கில் தோற்றது. குளிர் மிகுந்த அந்நாட்டில் நம்மவருள் பெரும்பாலோர் காலணியின்றி வெறுங்காலுடன் ஆடினர். வெறுங்காலுடன் ஆடத் துணிந்தவரை ஊக்கமற்றவர் என யார் கூறுவர்? அத்தோல்விக்குப் பின் காலணி அணிந்து ஆடுதல் கட்டாயமாக்கப்பட்டது. ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம் என்னும் பயிற்சியாளர் புதிய ஆட்டமுறைகளைக் கற்பித்தார். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதியை அடைந்தது. அங்கும் யூகோஸ்லாவியாவே எதிர்த்தது. இம்முறை இந்தியாவே முதல் கோலைப் போட்டது. முடிவில் 4-1 எனத் தோற்று நான்காம் இடம் பெற்றது. நான்காண்டுகளில் ஏற்பட்ட வேற்றுமை, கற்றதனால் வந்த வேற்றுமை.

1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தன் முதலாட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 எனத் தோற்றது. பின்னர், தற்காப்பில் நின்ற ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொள்ள நேர்ந்தது. காயத்தோடும் ஆட அவர் முன்வந்தார், அஃது ஊக்கம். அடிபட்டவரைத் தற்காப்பில் நிறுத்தாது, அவருடைய உயரத்தையும் வலிமையையும் எண்ணி முன்வரிசைக்கு மாற்றினார் ரகீம், அஃது அறிவு. இறுதியாட்டத்தில் அதே தென்கொரியா எதிர்த்தது. அரங்கிலிருந்த கூட்டமோ இந்தியாவிற்கு எதிராக ஆர்ப்பரித்தது. பி. கே. பானர்ஜி ஒரு கோலும், ஜர்னைல் சிங் ஒரு கோலும் போட, இந்தியா 2-1 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. கடும் நோயுற்றிருந்த ரகீம் அடுத்த ஆண்டே மறைந்தார். 1970இல் பாங்காக்கில் வெண்கலம் பெற்ற பின், 2023 வரை நடந்த ஆசியப் போட்டிகளில் ஆடவர் காற்பந்தில் இந்தியா பதக்கம் எதுவும் பெறவில்லை. பந்து விளையாட விரும்பும் சிறுவர்க்கு இந்நாட்டில் குறைவில்லை. அவ்விருப்பத்தை இளமையிலேயே பயிற்சியாக மாற்றும் களங்களும் ஆசிரியர்களும் நாடெங்கும் போதிய அளவில் அமைய வேண்டும்.

ஆகவே, ஊக்கமா ஆற்றலா என்னும் வினாவிற்கு விடை எளிது. உலகப் போட்டிக்கு வரும் அணிகளுள் ஊக்கமில்லாதது அரிது. நாட்டின் கொடியைத் தாங்கிக் களம் புகுவோர் நெஞ்சில் அது தானே எழும். எல்லாரிடமும் உள்ள ஒன்று, வெற்றி தோல்விகளைப் பிரித்துக் காட்டும் அளவுகோல் ஆகாது. அணிகளை வேறுபடுத்துவது பெரும்பாலும் ஆற்றலே. ஊக்கத்தின் உண்மையான இடம் ஆட்ட நாளன்று எழும் ஆரவாரத்தில் இல்லை. யாரும் பாராத வைகறைப் பொழுதில், அதே பயிற்சியை ஆயிரமாவது முறையாகச் செய்யும்போதுதான் அது வேண்டப்படுகின்றது. அங்கே செலவிடப்பட்ட ஊக்கமே ஆற்றலாகத் திரண்டு, களத்தில் கைகொடுக்கின்றது.

இது காற்பந்திற்கு மட்டும் உரிய உண்மையன்று. தேர்வில் தவறிய மாணவனை நோக்கி, "உனக்கு அக்கறையில்லை" எனக் கடிந்துரைப்பது எளிது. அவனுக்குப் பாடம் விளங்கியதா, பயிலும் முறை அறிவானா, ஐயம் தீர்ப்பார் உளரா என ஆராய்வது அரிது. எளிய வழி பழியில் முடியும். அரிய வழி திருத்தத்தில் முடியும். பார்போசாவை ஐம்பதாண்டுகள் வருத்திய பழியால் பிரேசிலுக்குக் கோப்பை கிடைக்கவில்லை. நெறிப்பட்ட ஆயத்தத்தால் எட்டே ஆண்டுகளில் கிடைத்தது. தோற்றவரைக் கண்டால், அவர் நெஞ்சை ஐயுறுமுன் அவர் பெற்ற பயிற்சியை ஆராய்வதே அறிவுடையோர் கடமையாகும்.